விரத மாதத்து ரத்தம்

அந்த நீல நிற ஐஸ் பெட்டியை அவர் ஒரு கையால் தூக்கி நான் பார்த்ததே இல்லை. பெட்டிக்கு நல்ல உறுதியான கைப்பிடி இருந்தது. பாசாரில் மீன்காரர் தூக்குவது போலத் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருக்கலாம். அவரோ இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் லேபின் பின்வாசல் படிகளில் ஏறி வருவார். உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவில், கம்பி அடுக்குகளில், மஞ்சள் மூடியும் ஊதா மூடியும் போட்ட குழாய்களில் பேராக் மாநிலத்து மக்களின் ரத்தம் இருக்கும். சிலிம் ரிவர், ஹுத்தான் மெலிந்தாங், லூமுட் என்று ஒவ்வொரு ஊர்க் கிளினிக்காக வேனில் போய் வாங்கி வருவார். நான் அவசரத்தில் பெட்டியைப் படக்கென்று மேசையில் வைத்துவிட்டால், “மெதுவா லா, தங்கச்சி. உள்ள ஆளுங்க இருக்காங்க” என்பார். கேலியாகச் சொல்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

லேபில் எல்லாருக்கும் அவர் வேன் அண்ணே. முதலாளியம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவார். நான் ஈப்போவில் அந்த லேபில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் சேர்ந்தபோது அவர் அங்கே பழைய ஆள். கீழே கிளினிக், மேலே லேப். காலையில் கீழே இறங்கிப்போய் நோயாளிகளின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பேன். மத்தியானம் மேலே வந்து, அதோடு அவர் கொண்டுவந்ததையும் சேர்த்து மெஷினில் ஏற்றுவேன். நாங்கள் இருவரும் தோட்டத்துப் பிள்ளைகள். சிலிம் ரிவர் பக்கம் அடுத்தடுத்த ரப்பர் எஸ்டேட்டுகள். அவருடையது இப்போது தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளாகிவிட்டது, என்னுடையது எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம். அதில் வருத்தப்பட எனக்கு ஒன்றுமில்லை. லயத்து வீட்டில் மழை பெய்தால் உள்ளே ஒழுகியதும், வேலை வாங்கும் மண்டோர் வாயில் வந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றதும் யாருக்கு வேண்டும்? ஆனால் ஒரே மண்ணில் வளர்ந்தவர் என்பதால் அவர் பேசுவது எனக்குச் சொந்தக்காரர் பேசுவது போலவே இருக்கும். அதனால்தான் அவரோடு அவ்வளவு சண்டையும் போட்டேன்.

நான் சேர்வதற்கு முன்பே அவருக்கு ஒருமுறை நெஞ்சு வலி வந்து, அடைத்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து கொலஸ்ட்ரால் மாத்திரை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அண்ணே குடிப்பார். தள்ளாடுவது, சண்டை போடுவது, ரோட்டில் விழுவது எதுவும் கிடையாது. வேலை முடிந்து, குளித்து, தாமான் முனைக் கோப்பிக் கடையில் கூட்டாளிகளோடு பீர் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சோறு தின்று படுத்துவிடுவார். மறுநாள் காலை முகம் மழித்து, கழுத்தில் பவுடர் தெரிய வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்பார். அவர் அப்பா எஸ்டேட் கள்ளுக்கடையில் விழுந்து கிடந்த மனுஷன். அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, தாம் குடிப்பது ஒரு குடியாகவே தோன்றவில்லை. விழுந்து கிடப்பவன்தான் குடிகாரன் என்று எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு இன்றும் எண்ணம். ஈரலுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

ஒருநாள் பேச்சுவாக்கில்தான் அவருடைய மாத்திரை முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குழாய்களை எடுத்து அடுக்கிக்கொண்டே, “மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“சாப்பிடாம? குடிக்காத அன்னைக்கு கண்டிப்பா சாப்பிடுவேன்.”

“குடிச்ச அன்னைக்கு?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்டது போல் இருந்தது. “சே, குடிச்ச வாயில மருந்த எப்படிம்மா போடுறது? கவிச்சி தின்னுட்டு கோயிலுக்குப் போவியா நீ? அது மருந்து. கிளாஸத் தொட்ட கையால அதத் தொடமாட்டேன். அந்த மரியாதை இருக்கு எங்கிட்ட.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மாத்திரையைத் திருநீறு போல நினைத்திருக்கிறார்! வாரத்தில் பெரும்பாலான நாள் கிளாஸைத் தொடுகிற மனிதர், அந்த நாளெல்லாம் மாத்திரையைத் தொடவில்லை. இரண்டும் வயிற்றுக்குள் போய்ச் சண்டை போட்டுக்கொள்ளும் என்ற பயமும் அதில் பாதி கலந்திருந்தது. குடியை விட்டால் சண்டையே இல்லையே என்றேன். “ஆமா, நீ சொல்லுவ லா. நாள் முழுக்க ரோட்டுல வேன் ஓட்டிட்டு வாரவனுக்குத்தான் தெரியும்” என்று காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்படி இருப்பவருக்கு ரத்தம் எப்படி ஒவ்வொரு வருஷமும் சுத்தமாக வந்தது என்று கேட்கலாம். அதற்குக் காரணம் முருகன். தைப்பூசத்துக்கு அவர் பால்குடம் எடுப்பார். அதற்கு முன் ஒரு மண்டலம் விரதம். மீன் கிடையாது, இறைச்சி கிடையாது, பீர் இருக்கும் மேசைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார். கோப்பிக் கடைக் கூட்டாளிகளுக்கும் அது தெரியும், கூப்பிடமாட்டார்கள். குடி இல்லாததால் அந்த நாட்களில் மாத்திரை தவறாமல் உள்ளே போகும். பால்குடம் செலுத்திய அடுத்த வாரமே சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “எடும்மா, நம்ம ரத்தத்த” என்று என் முன்னால் வந்து உட்காருவார். அவருடைய வருஷாந்திரப் பரிசோதனை எப்போதும் அப்போதுதான். அவர் ஒருவர் மட்டும் செய்தது என்று நினைக்க வேண்டாம். தைப்பூசம் முடிந்து எங்கள் கிளினிக்கில் தமிழ் ஆண்கள் கூட்டமாக வந்து ரத்தம் கொடுக்கும் ஒரு பருவமே உண்டு. தேர்வுக்குப் படித்துவிட்டு வந்து உட்காரும் பிள்ளைகள் போல வந்து உட்காருவார்கள். ஈரல் பாவம், நல்ல உறுப்பு. சில வாரம் சும்மா விட்டால் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும். முடிவைப் பார்த்து டாக்டர் “நல்லா இருக்கு, இப்படியே இருங்க” என்பார். இப்படியே என்று டாக்டர் சொன்னது விரத மாதத்து மனிதனை. அண்ணே அதைக் கோப்பிக் கடை மனிதனுக்குக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொண்டு போவார்.

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிற வேலை அவருக்கு. கணவருடைய ரத்தம் நன்றாக வந்தது என்று தாமானில் எல்லாரிடமும் சொல்வார். “குடிக்கிறாருதான், இல்லங்கல. ஆனா ரத்தம் கண்ணாடி மாதிரி இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாங்க” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஒருவருடைய ரத்தம் என்ன சொன்னது என்பதை அவரிடமும் அவருடைய டாக்டரிடமும் தவிர யாரிடமும் பேசக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அது சரியான பாடம்தான். சில நேரம் தொண்டையில் முள்ளாக நிற்கும், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் தீபாவளி முடிந்த கையோடு லேபுக்குப் புது மெஷின் வந்தது. புது மெஷின் வந்தால் ஒரே ரத்தத்தைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, இரண்டும் ஒரே மாதிரி சொல்கிறதா என்று பார்ப்போம். அதற்கு லேப் ஆட்களே கை நீட்டுவது வழக்கம். என் ரத்தம், கணக்கு எழுதும் பெண்ணின் ரத்தம் எல்லாம் கொடுத்தோம். அந்த நேரம் பார்த்து அண்ணே பெட்டியோடு வந்தார். “நானும் தரேன் லா, என்ன இப்போ” என்று உட்கார்ந்துவிட்டார். முன்னே பின்னே யோசித்திருந்தால் கொடுத்திருக்கமாட்டார். தீபாவளி விருந்து, யாரும் வந்து சாப்பிடலாம் என்று கூட்டாளிகள் வைக்கும் திறந்த இல்லம், இறைச்சி, பீர் என்று ஓடிய வாரங்கள் அவை.

முடிவு திரையில் வந்தபோது நான் குழாயின் பெயர் ஒட்டியைத் திரும்பப் பார்த்தேன். ஈரல் செல்கள் உடைந்தால் ரத்தத்தில் கசியும் பொருள்கள் எல்லாம் ஏறியிருந்தன. குடியை முதலில் காட்டிக்கொடுக்கும் காமா ஜிடி என்று ஒன்று உண்டு. அது இருக்க வேண்டிய இடத்தைவிட எங்கேயோ மேலே நின்றது. கொலஸ்ட்ராலும் ஸ்டென்ட் வைத்தவருக்கு இருக்கக் கூடாத அளவு. பழைய மெஷினில் ஓட்டினேன்; அதுவும் அதையே சொன்னது. ஐயோ அண்ணே, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பின்வாசலில் வேன் பக்கத்தில் வைத்து அவரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “மெஷின் புதுசு லா, இன்னும் பழகியிருக்காது” என்றார். பழைய மெஷினும் அதையேதான் சொல்கிறது என்றேன். வேன் சாவியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு, ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவர் போல நிமிர்ந்தார்.

“அந்த மருந்துதான். நான்தான் சொல்றேனே. ஈரலச் சுடுது.”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் சொன்னதில் கடுகளவு உண்மை இருந்ததுதான் சங்கடம். கொலஸ்ட்ரால் மாத்திரை ஈரலில்தான் வேலை செய்கிறது. கொழுப்பை அதிகமாக உற்பத்தி செய்யாதே என்று அங்கே போய்த்தான் தடுக்கிறது. சிலருக்கு ஈரல் அளவு கொஞ்சம் ஏறும். டாக்டர் பார்த்து அளவை மாற்றுவார், வேறு மாத்திரை தருவார். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் நீளக் காகிதத்தில் ஈரல் என்ற சொல் எச்சரிக்கையாக அச்சாகியிருக்கிறது. பீர் டின்னில் அப்படி எந்தக் காகிதமும் வருவதில்லை. நம் ஆட்கள் எதன்மேல் பழி போடுவார்கள்?

அந்த வாரமே நான் அவரோடு வேனில் ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு ரத்தம் எடுத்து வைக்கும் முறையைக் காட்ட வேண்டும். வழி நெடுகச் செம்பனை, நல்ல வெயில். அண்ணே பாட்டுப் போடவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். குடித்தது ஈரலில் உடையும்போது உள்ளே கெட்ட சரக்குகள் உண்டாகும், அவற்றை அடக்கி வைக்க ஈரல் தன்னிடம் ஒரு பொருளைச் சேமித்து வைத்திருக்கிறது, அதற்குக் குளூட்டாதயோன் என்று பெயர் என்றேன். பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். சரி, வாளித் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். குழாயில் தண்ணீர் மெல்ல ஊறி வாளி நிறைகிறது. உள்ளே எங்கே சூடு பட்டாலும் அதிலிருந்து மொண்டு ஊற்றித்தான் ஈரல் அணைக்கிறது. தினமும் குடித்தால் நிறைவதைவிட மொள்வது அதிகம். ஒருநாள் மொள்ளக் கையை உள்ளே விட்டால் வாளியில் அடி தட்டும். அதற்குப் பிறகுதான் செல்கள் வெந்து உடைகின்றன. நாங்கள் மெஷினில் பார்ப்பது அந்த உடைசலைத்தான். வாளியில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க எங்கள் லேபில் எந்த மெஷினும் இல்லை.

அவர் நன்றாகவே புரிந்துகொண்டார். “ஆக, விரதத்துல எனக்கு வாளி ரொம்பிருது.”

“ஆமாண்ணே. நீங்க ரொம்பின வாளியதான் வருஷா வருஷம் டாக்டர்கிட்ட காட்டுறீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, இந்த முடிவை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் வைத்த நெஞ்சுக்கு அது வேலி, குடியை நிறுத்துவதா மாத்திரையை மாற்றுவதா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார் என்றேன்.  தெலுக் இந்தான் ஊரைத் தாண்டும்போது அண்ணே கேட்டார்.

“எந்த டாக்டர்கிட்டம்மா சொல்ல? எல்லா கிளினிக்கும் எனக்குத் தெரிஞ்ச கிளினிக்கு. உள்ள போனா நர்சு எந்திரிச்சி கோப்பி குடுக்குது. நாளைக்கு, குடிகாரன் ரத்தப் பெட்டியத் தூக்கிட்டு வாரான்னு பேசுவாங்க. எங்கப்பன அப்படித்தான் பேசுனாங்க. காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் கூப்பிடும்போதே சிரிப்பாங்க.”

அதற்கு மேல் என்னால் அதட்ட முடியவில்லை. தைப்பூசம் வரட்டும், விரதத்தோடு குடியை அப்படியே நிறுத்திவிடுகிறேன், யாருக்கும் சொல்ல வேண்டியதே இல்லை என்றார். நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். விரத மாதத்தில் தம்மால் முடிகிறது என்பது அவருக்கு ஒவ்வொரு வருஷமும் நிரூபணமான விஷயம்.

இதற்குள் வீட்டில் வேறு ஒன்று நடந்திருந்தது. அக்காவின் உறவுக்காரப் பெண் ஒருவர் சத்து மாத்திரை விற்கும் நேரடி வியாபாரத்தில் இருந்தார். இந்த ஊரில் எந்தத் தாமானிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஈரலைச் சுத்தம் செய்யும், ஆண்டி ஆக்சிடன்ட் நிறைந்தது என்று பளபளக்கும் புட்டியில் பச்சைக் கெப்சூல் கொடுத்திருக்கிறார். வாளிக் கதையை என்னிடம் கேட்டிருந்த அண்ணேவுக்கு அது கனகச்சிதமாகப் பொருந்திவிட்டது. “தங்கச்சி, வாளிக்குத் தண்ணி ஊத்துற மருந்து கெடச்சிருச்சு” என்று என்னிடமே வந்து காட்டினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மொள்ளுகிற கையை நிறுத்தாமல் வெளியிலிருந்து ஊற்றினால் போதும் என்று யார் சொன்னது, குடிப்பவனுடைய ஈரலைக் கெப்சூல் காப்பாற்றும் என்றால் ஆஸ்பத்திரியில் ஏன் அத்தனை பேர் வயிறு வீங்கிப் படுத்திருக்கிறார்கள் என்று கத்தினேன். “சரி லா, சரி லா, ஏன் இப்படிச் சத்தம் போடுற, கீழ பேஷண்ட் இருக்காங்க” என்று என்னைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனார். கொலஸ்ட்ரால் மாத்திரையை அவர் அப்போதே அடியோடு விட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

தைப்பூச விரதம் தொடங்கியது. மஞ்சள் துண்டும் சந்தனப் பொட்டுமாக வந்தார். முகம் தெளிந்து, கண்ணில் வெளுப்பு திரும்பி, ஒவ்வொரு வருஷமும் போல பத்து வயது குறைந்தவர் மாதிரி ஆனார். இந்த மாதம் மாத்திரையும் ஒழுங்காக உள்ளே போகும் என்று எனக்கு நிம்மதி. கேட்டதற்கு, “அதெல்லாம் பாத்துக்கலாம், நீ வேலையப் பாரு” என்றார். இந்தத் தடவை தைப்பூசத்துக்குப் பிறகும் தொடமாட்டேன் என்று லேப் வாட்ச்மேனிடம்கூடச் சொல்லி வைத்திருந்தார். நான் நம்பினேன். அவரும் நம்பினார்.

விரதம் முடிவதற்கு முன்பே ஒருநாள், லூமுட்டில் கிளினிக்கிலிருந்து பெட்டியை வாங்கி, வேனில் ஏற்றி, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தவர் வண்டியைக் கிளப்பவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஏர்கொன் ஓடிக்கொண்டிருந்தது. கிளினிக் நர்ஸ் ஏதோ கொடுக்க மறந்து ஓடிவந்து கண்ணாடியைத் தட்டியபோதுதான் தெரிந்திருக்கிறது. நெஞ்சு. உள்ளே தூக்கிக்கொண்டு போய் டாக்டர் எவ்வளவோ பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. முதலாளியம்மா வேறு ஒருவரை அனுப்பிப் பெட்டியை எடுத்துவரச் செய்தார். ரத்தம் காத்திருக்காது, அதன் பின்னால் இருக்கும் நோயாளிகளும் காத்திருக்க முடியாது. அன்று மத்தியானம் அழுதுகொண்டே அந்தக் குழாய்களை ஒவ்வொன்றாக மெஷினில் ஏற்றினேன். எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. ஒன்றுகூடக் குலுங்கிக் கெட்டுப்போகவில்லை.

சாவு வீட்டில் கூடாரத்துக்கு அடியில் ஆண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கோப்பிக் கடைக் கூட்டாளிகள், சொந்தக்காரர்கள், அக்காவின் தம்பி. அந்தத் தம்பிக்கும் கொலஸ்ட்ரால் மாத்திரை உண்டு, மாலையில் அதே மேசைதான். கோப்பி எடுத்துக்கொண்டு போன என் காதில் பேச்சு விழுந்தது. “குடிச்சிக்கிட்டு இருந்த வரைக்கும் மனுஷன் கல்லு மாதிரி இருந்தாரு. நிப்பாட்டுன ஒடனே போயிட்டாரு பாரு” என்றார் ஒருவர். “குடியில்ல மச்சான், அந்தக் கொழுப்பு மருந்து. வருஷக் கணக்கா சாப்பிட்டாருல்ல? சாமி காரியத்துல இருந்தவர மருந்து கொன்னுருச்சு” என்றார் அக்காவின் தம்பி. நான் இனிமே அதத் தொடமாட்டேன் என்றும் சொன்னார். நாலு பேர் தலையாட்டினார்கள். கையிலிருந்த தட்டை அங்கேயே போட்டுவிடலாமா என்று வந்தது எனக்கு.

உள்ளே அக்கா சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் எழுந்து போன நேரம் பார்த்து என் கையைப் பிடித்தார். “வெளிய பேசுறது எனக்கும் கேக்குது. நீ சொல்லு. மருந்தா?” என்று கேட்டார். அவருடைய வீட்டுக்காரர் போய்விட்டார். இனி நான் யாருக்காக வாயைக் கட்டிக்கொண்டிருப்பது? தீபாவளிக்குப் பின் எடுத்த ரத்தம் என்ன சொன்னது என்பதைச் சொன்னேன். மாத்திரை அவரைக் கொல்லவில்லை, நெஞ்சைக் காத்துக்கொண்டிருந்ததே அதுதான், அதுவும் உள்ளே போன நாட்களில் மட்டும் என்றேன். விரதத்தில் சாப்பிட்டாரா என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் அக்காவே சொன்னார்.

“சாப்பிடல. அட்டை அட்டையா அப்படியே கெடந்துச்சு. நான் பாத்தேன். கெப்சூல்தான் சாப்பிடுறாரே, அது போதும்னு விட்டுட்டேன். நான்தான் வாங்கிக் குடுத்தேன், நான்தான் தண்ணி எடுத்துக் குடுத்தேன்.”

அழவில்லை. என் கையை மட்டும் விடவில்லை. உங்கள் மேல் தப்பில்லை என்று சொன்னேன். எல்லாரும் சொல்வதுதான், அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. எனக்கு அந்த அண்ணேமேல் அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இப்படி ஒரு மனுஷியைத் தரையில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டாரே! வேனில் வந்தபோது எவ்வளவு பேசினேன். ஒரே ஒரு டாக்டரிடம் ஒரே ஒரு தடவை உள்ளதைச் சொல்லியிருந்தால் போதும். அவமானம் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஒரு கோப்பி ஆறுகிற நேரம்.

அவர் போய் இரண்டு தைப்பூசம் கடந்துவிட்டது. பெட்டியை இப்போது ஒரு மலாய்த் தம்பி கொண்டுவருகிறார். நல்ல பையன், நேரத்துக்கு வருகிறார். தைப்பூசம் முடிந்த வாரம் நம் ஆண்கள் இன்றும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையாக வருகிறார்கள். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் எல்லாரிடமும் நான் கேட்டுவிடுகிறேன்: விரதத்திலிருந்து வருகிறீர்களா, மற்ற மாதத்தில் எப்படி? சிலர் சிரித்து மழுப்புவார்கள். சிலருக்குக் கோபம் வரும். ரத்தம் எடுக்க வந்தேனா, வாக்குமூலம் கொடுக்க வந்தேனா என்று ஒருவர் கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் கிளினிக் கதவு திறந்ததும் அக்கா உள்ளே வந்தார். கேண்டீனுக்கு லீவு போட்டிருந்தார். பின்னால் அவர் தம்பி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்து வரப்பட்ட பிள்ளை போல. முந்தின இரண்டு நாளும் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அங்கே குடித்த களைப்பு தம்பியின் முகத்தில் இன்னும் இருந்தது. “அக்கா, பூசம் முடிஞ்சி வாரேன்க்கா, சொன்னா கேளு லா” என்று வாசலிலேயே கெஞ்சினார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இன்னைக்கே எடும்மா இவன் ரத்தத்த. இப்படியே, இந்த மூஞ்சியோடயே எடு” என்றார் என்னிடம்.

அக்காவுடைய வீட்டுக்காரரை ஒவ்வொரு வருஷமும் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லியனுப்பிய அதே டாக்டர்தான் அன்றும் இருந்தார். தம்பியை உட்கார வைத்து, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார், நிறுத்திவிட்டதாகத் தம்பி சொன்னார். நான் பக்கத்தில் நின்று அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், “குடிப்பீங்களா?” என்றார்.

தம்பி அக்காவை ஒருமுறை பார்த்தார். “எப்பவாச்சும் டாக்டர். கல்யாணம் காட்சின்னா, கொஞ்சம்.”

அக்கா உட்காரவில்லை. கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். குரலை உயர்த்தாமல், ஏதோ மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னார்:

“எங்க வீட்டுக்காரரும் உங்ககிட்ட இப்படித்தான் சொன்னாரு டாக்டர்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். யார் என்று அப்போதுதான் அடையாளம் தெரிந்தது அவருக்கு.  தம்பியின் கை என் கைக்குள் இறுகியது. நரம்பு எழும்பி நின்றது, நான் ஊசியை இன்னும் எடுக்கவில்லை.

“தெனமும் குடிக்கிறேன் டாக்டர்” என்றார் தம்பி.

அக்கா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.